மரபணு என்ன வேலை செய்கிறது, எங்கே பார்ப்பது? ஜீன் ஆன்டாலஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரித் தகவலியல் படிக்க வரும் மாணவர்களும் மருத்துவ ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவை, மரபணுக்களின் வேலையைப் பதிந்து வைக்கும் ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுத் தரவுத்தளத்தைப் பற்றியவை. ஆய்வகப் பேச்சில் அதற்கு ஜிஓ என்று பெயர். அதை ஒட்டி நிற்கும் மற்றத் தளங்களைப் பற்றியும் நடுநடுவே சொல்கிறேன்.

மனித மரபணுத் தொகுதியைத்தான் 2003-லேயே படித்து முடித்துவிட்டார்களே, இன்னும் எதற்கு இந்தத் தரவுத்தளம்?

படித்து முடித்தது எழுத்துகளின் பெரும்பகுதியை. பொருளை அல்ல. புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது பெரும்பாலும் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை எழுத்து வரிசையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. யாராவது அந்த மரபணுவை முடக்கிப் பார்க்க வேண்டும், புரதத்தைப் பிரித்தெடுத்துச் சோதிக்க வேண்டும், ஒளிர வைத்து நுண்ணோக்கியில் தேட வேண்டும். அப்படிக் கிடைத்த பதில்கள் லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் தத்தம் சொற்களில் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்து, ஒரே சொல்லில் ஒரே இடத்தில் வைப்பதுதான் இந்தத் தரவுத்தளங்களின் வேலை.

இது எப்படித் தொடங்கியது?

1998-ல் மூன்று தரவுத்தளக் குழுக்கள் சேர்ந்து தொடங்கின. பழ ஈக்கான ஃப்ளைபேஸ், ரொட்டி ஈஸ்ட்டுக்கான எஸ்ஜிடி, எலிக்கான எம்ஜிஐ. 2000 மே மாதம் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் இந்த முயற்சியை அறிமுகப்படுத்தி எழுதினார்கள்.

ஏன் சேர்ந்தார்கள் என்று புரிய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்டில் செல் பிரிவதற்குத் தேவையான ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து அதற்கு சிடிசி28 என்று பெயர் வைத்தார். பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் அதே வகை வேலை செய்யும் மரபணுவைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் சிடிசி2. 1987-ல் நர்ஸின் ஆய்வகம் மனித மரபணுக்களை அந்த ஈஸ்ட்டுக்குள் செலுத்திப் பார்த்தது. சிடிசி2 பழுதான ஈஸ்ட், மனித மரபணு ஒன்றைப் பெற்றதும் மறுபடி பிரியத் தொடங்கியது. ஈஸ்ட்டும் மனிதனும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோனவர்கள். ஆனாலும் ஒருவரின் கருவி மற்றவரிடம் வேலை செய்கிறது! அந்த மனித மரபணுவுக்கு இன்று சிடிகே1 என்று பெயர். 2001-ல் ஹார்ட்வெல், நர்ஸ், டிம் ஹன்ட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது கணினியின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரே வேலைக்கு மூன்று உயிரினத்தில் மூன்று பெயர். பெயரை வைத்துத் தேடினால் இவை உறவு என்றே தெரியாது. போதாக்குறைக்கு, பழ ஈ ஆய்வாளர்கள் மரபணு கெட்டால் என்ன தெரிகிறதோ அதையே பெயராக வைப்பார்கள். 1910-ல் தாமஸ் ஹன்ட் மார்கன் கண்ட 'வெள்ளை' மரபணு நன்றாக இருந்தால் ஈயின் கண் சிவப்பாக இருக்கும், கெட்டால்தான் வெள்ளை. பெயரைப் பார்த்து வேலையைச் சொல்ல முடியாது. வேலையைச் சொல்ல எல்லா உயிரினத்துக்கும் பொதுவான தனிச் சொற்பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல்தான் ஜிஓ.

ஒரு மரபணுவைத் தேடினால் மூன்று தலைப்புகளில் பதில் வருகிறது. ஏன்?

மூன்றும் மூன்று வேறு கேள்விகள். மூலக்கூறு வேலை: அந்தப் புரதம் கையால் என்ன செய்கிறது? உயிரியல் நிகழ்வு: எந்தப் பெரிய காரியத்தில் பங்கெடுக்கிறது? செல் இடம்: எங்கே இருந்து செய்கிறது? ஒரு கட்டட வேலையில் கொத்தனாரைக் கேட்டால் செங்கல் அடுக்குவது அவர் கைவேலை, வீடு எழுவது நிகழ்வு, மாடிச் சுவர் அவர் நிற்கும் இடம்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு சைட்டோகுரோம் சி நல்ல சாட்சி. இந்தச் சிறிய புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருந்துகொண்டு எலக்ட்ரானை ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகிறது. நாம் மூச்சு விட்டு ஆற்றல் பெறுவதற்கு இது வேண்டும். 1996-ல் ஷியாவோடாங் வாங்கின் குழு இன்னொன்றைக் கண்டது. செல் சாக வேண்டிய நேரம் வந்ததும் இதே புரதம் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்து செல்லின் சாவைத் தொடங்கி வைக்கிறது. உயிர் காக்கும் காரியத்திலும் உயிர் முடிக்கும் காரியத்திலும் ஒரே புரதம். 'இந்த மரபணுவின் வேலை இது' என்று ஒற்றை வரி மட்டும் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தொலைந்திருக்கும். ஒரு மரபணுவை ஒரு சொல்லோடு கட்டும் பதிவைக் குறிப்பு என்று சொல்கிறேன். ஜிஓ-வில் ஒரு மரபணுவுக்கு எத்தனை குறிப்புகள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஜிஓ:0006915 என்பது போன்ற எண்கள் எதற்கு?

அந்த எண் செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் நிகழ்வைக் குறிக்கிறது. அப்போப்டோசிஸ் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எழுத்தில் உள்ள பெயரை நாளை திருத்தலாம், வேறு மொழியில் எழுதலாம்; எண் மாறாது. கணினி எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது.

எண்ணைவிட முக்கியம் எண்களுக்கு நடுவே உள்ள உறவு. ஜிஓ-வில் 40,000-ஐ ஒட்டிய சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பரந்த சொல்லோடு கட்டப்பட்டிருக்கிறது. 'இது அதன் ஒரு வகை', 'இது அதன் ஒரு பகுதி', 'இது அதைக் கட்டுப்படுத்துகிறது' என்பவை முக்கியமான கட்டுகள். மரம் என்று சொல்வது வழக்கம், ஆனால் அது முழுச்சரி இல்லை. மரத்தில் ஒரு கிளைக்கு ஒரே தாய்க்கிளைதான். இங்கே ஒரு சொல்லுக்குப் பல தாய்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு ஒரு பக்கம் மைட்டோகாண்ட்ரியச் சவ்வுகளில் ஒன்று; இன்னொரு பக்கம் செல் நுண்ணுறுப்புகளின் உட்சவ்வுகளில் ஒன்று.

இதனால் ஒரு வசதி கிடைக்கிறது. அடியில் உள்ள குறுகிய சொல்லில் ஒரு மரபணுவைக் கட்டினால் 'வகை', 'பகுதி' என்ற கட்டுகளின் வழியே மேலே உள்ள எல்லாச் சொல்லும் அதற்குத் தானாகப் பொருந்தும். ஒரு கண்டிப்பும் கூடவே வருகிறது: மேலே போகும் பாதை ஒன்றில்கூடப் பொருள் தப்பக் கூடாது. தப்பினால் சொல்லின் இடமே தவறு, திருத்தியாக வேண்டும்.

இந்தக் குறிப்புகளை எழுதுவது யார்? கணினியா, மனிதர்களா?

இரண்டு பேரும். ஆனால் அடித்தளம் மனிதர்கள். உயிரியல் தொகுப்பாளர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்று, ஆய்வக மேசையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். ஒரு கட்டுரையை எடுத்து முழுதாகப் படிப்பார்கள். சுருக்கத்தில் ஆசிரியர் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டு, படங்களில் தெரியும் முடிவு எதைக் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். சோதித்தது மனிதப் புரதமா எலிப் புரதமா என்று தேடுவார்கள். நிறையக் கட்டுரைகளில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்காது. செய்முறைப் பகுதியின் ஏதோ ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அப்புறம்தான் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்து, கட்டுரையின் எண்ணையும் சான்றின் வகையையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள்.

ஒரு கட்டுரைக்கே மணிக்கணக்கில் ஆகலாம். அந்த வேலையின் பலன் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வுகளுக்குள் போகிறது. செய்தவர் பெயர் எங்கும் வருவதில்லை. இவர்கள் இல்லையென்றால் நாம் பயன்படுத்தும் எந்தப் பகுப்பாய்வு மென்பொருளுக்கும் உள்ளே போட ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் ஐடிஏ, ஐஎம்பி, ஐஇஏ என்று மூன்று எழுத்து இருக்கிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அந்த மூன்று எழுத்து, 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கான பதில்.

ஐடிஏ என்றால் நேரடிச் சோதனை. புரதத்தைச் சோதனைக் குழாயில் வைத்தோ செல்லுக்குள் பார்த்தோ அந்த வேலையை நேரில் கண்டிருக்கிறார்கள். ஐஎம்பி என்றால் மரபணுவைக் கெடுத்துப் பார்த்து, என்ன கெட்டது என்பதிலிருந்து வேலையைத் தெரிந்துகொண்டது. ஐபிஐ என்றால் இன்னொரு புரதத்தோடு ஒட்டுவதைக் கண்டது. ஐஎஸ்எஸ் என்றால் தெரிந்த ஒரு மரபணுவோடு வரிசை ஒத்துப்போவதைப் பார்த்து ஒரு மனிதர் முடிவு செய்தது. ஐபிஏ என்றால் பரிணாமக் குடும்ப மரத்தை வரைந்து, மூதாதையிடம் இருந்த வேலை வாரிசுகளிடமும் இருக்கும் என்று தொகுப்பாளர் தீர்மானித்தது. ஐஇஏ என்றால் கணினி தானாகப் போட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனிதர் பார்க்கவில்லை.

எண்ணிக்கையில் ஐஇஏ மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. எல்லா உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்தால் சோதனையில் உறுதியானவை அதற்கு முன்னால் மிகச் சிறிய கூட்டம். அதனால் ஐஇஏ பொய் என்று ஆகாது. இன்சுலின் மாதிரி நன்றாகத் தெரிந்த குடும்பங்களில் கணினிக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு மருந்து ஆய்வை, ஒரு முனைவர் பட்டத்தை, மூன்று ஆண்டு உழைப்பை ஒரு குறிப்பின் மேல் கட்டப் போகிறீர்கள் என்றால் அந்த மூன்று எழுத்தைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். பார்த்தபின் அதனோடு இணைத்த கட்டுரையையும் திறந்து படியுங்கள்.

கணினிக் கணிப்பில் எவ்வளவு தவறு இருக்கலாம்?

2009-ல் வந்த ஓர் ஆய்வு 37 நொதிக் குடும்பங்களை எடுத்து, பல தரவுத்தளங்களில் அவற்றுக்கு எழுதியிருந்த வேலை சரிதானா என்று பார்த்தது. மனிதர் கையால் தொகுத்த ஸ்விஸ்-ப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தவறு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. தானியங்கி முறையில் நிரம்பும் தரவுத்தளங்களில் நொதிப் பெருங்குடும்பத்தைப் பொறுத்துச் சராசரி 5 சதவீதத்திலிருந்து 63 சதவீதம் வரை தவறு இருந்தது. காரணம் எளிது. ஒரு தவறான பெயர் உள்ளே வந்தால் அதை ஒத்த வரிசைக்கெல்லாம் அது நகலாகும். அந்த நகலைப் பார்த்து அடுத்த நகல். வதந்தி பரவுவது மாதிரிதான். கடைசியில் நூறு இடத்தில் ஒரே செய்தி இருப்பதைப் பார்த்து நாம் நம்பிவிடுகிறோம். நூறுக்கும் மூலம் ஒன்று என்று தெரிவதில்லை.

இதைத் தடுக்கச் சில வேலிகள் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 'பால் சுரத்தல்' என்ற சொல் பாலூட்டிகளுக்கு மட்டும் என்று விதி உண்டு. யாரேனும் அதை ஒரு மீனின் மரபணுவுக்குப் போட்டால் அமைப்பே பிடித்துவிடும்.

'இல்லை' என்று ஒரு குறிப்பைப் பார்த்தேன். அது என்ன?

அந்த வேலையை இந்த மரபணு செய்யாது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள் என்று பொருள். வரிசை ஒத்திருப்பதால் எல்லோரும் செய்யும் என்று எதிர்பார்த்து, செய்யாததைக் கண்டபோது இப்படிப் பதிவு செய்வார்கள். பட்டியலைத் தரவிறக்கி நிரல் எழுதுகிறவர்கள் 'இல்லை' என்று எழுதியிருக்கும் நெடுவரிசையைக் கவனிக்காமல் விட்டால் 'செய்யாது' என்பது 'செய்யும்' என்று ஆகிவிடும். கவனம். குறிப்பே இல்லாமல் வெறுமையாக இருப்பது வேறு: அதற்கு 'தெரியாது' என்று மட்டும்தான் பொருள்.

பழ ஈயிலும் எலியிலும் கண்டதை மனிதனுக்கு எப்படிப் பொருத்துகிறார்கள்?

பழ ஈயில் டின்மேன் என்று ஒரு மரபணு இருக்கிறது. தகர மனிதன் என்று பொருள். அது இல்லாத ஈக்கு இதயமே உருவாவதில்லை. இது 1993-ல் தெரிந்தது. மனிதனில் அதன் உறவுக்கார மரபணு என்கேஎக்ஸ்2-5. 1998-ல், பிறவியிலேயே இதயக் கோளாறு வரும் சில குடும்பங்களில் இந்த மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். ஈக்கும் குழந்தைக்கும் இதயத்தின் தொடக்கத்தில் ஒரே குடும்ப மரபணு! உயிரியலில் என்னை இன்றைக்கும் நெகிழ வைக்கும் செய்தி இது.

ஆனால் உறவு இருப்பதால் வேலை அப்படியே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மரபணு இரண்டாகப் பெருகியபின் ஒன்று பழைய வேலையைப் பார்க்க, இன்னொன்று புதிய வேலைக்குப் போவது உண்டு. பெருகாமலேயே இன்னொரு வேலை சேர்வதும் உண்டு. வாத்தின் கண் வில்லையில் இருக்கும் ஒரு புரதம், உடலின் மற்ற இடங்களில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியாக வேலை செய்யும் அதே புரதம்தான். கண்ணில் அது ஒளியை வளைக்க உதவுகிறது. அதனால்தான் பொருத்தும் ஒவ்வொரு குறிப்பிலும் எந்த உயிரினத்தின் எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று எழுதுகிறார்கள்.

என் சோதனையில் 200 மரபணுக்கள் மாறியிருக்கின்றன. ஜிஓ-வை வைத்து என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்பதற்குச் செறிவுப் பகுப்பாய்வு என்று சொல்லலாம். கணக்கு இப்படிப் போகும். மொத்தம் 20,000 மரபணுக்கள். அதில் 400, அதாவது 2 சதவீதம், அழற்சி என்ற சொல்லில் கட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 200 மரபணுக்களை எடுத்தாலே அதில் நான்கு அழற்சிக்காரர்கள் இருப்பார்கள். உங்கள் பட்டியலில் 24 பேர் இருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் செல்லில் அழற்சி ஏதோ நடக்கிறது.

இந்தக் கணக்கை பான்தர் போன்ற இணையக் கருவிகள் நொடியில் போட்டுத் தரும். நொடியில் வருவதுதான் ஆபத்து. இரண்டு இடத்தில் வழுக்குவார்கள்.

முதலாவது பின்னணிப் பட்டியல். 20,000 என்று மேலே சொன்னேனே, உங்கள் சோதனையில் உண்மையிலேயே 20,000-ஐயும் அளந்தீர்களா? கல்லீரல் மாதிரியில் 9,000 மரபணுக்கள்தான் தெரிந்தன என்றால் பின்னணியும் அந்த 9,000-ஆகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் 'கொழுப்பு வளர்சிதை மாற்றம்', 'பித்தநீர்' என்று கல்லீரல் வேலைகளாக மேலே வந்து நிற்கும். மாதிரியைக் கல்லீரலில் இருந்து எடுத்தோம் என்பதைத்தான் அது சொல்கிறது; நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் தொடக்கத்தில் இதே தவறைச் செய்து, அழகான ஒரு படத்தை வரைந்து, பல வாரம் அதை விளக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். பின்னணியை மாற்றியதும் படம் கரைந்துவிட்டது. அந்த வாரங்கள் உங்களுக்கு வீணாகக் கூடாது.

இரண்டாவது, பல சோதனைத் திருத்தம்: நிறையச் சோதனை செய்யும்போது தற்செயலாக வருவதற்கு ஏற்ப மதிப்பைத் திருத்துவது. 5,000 சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால், 5 சதவீத வரம்பில் 250 சொற்கள் சும்மாவே 'முக்கியம்' என்று வந்துவிடும். திருத்திய மதிப்பை மட்டும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. மேலே வரும் பத்துச் சொற்களும் பல சமயம் ஒரே விஷயத்தின் பத்து முகம். தாய்ச்சொல்லும் மகள்ச்சொல்லும் ஒரே மரபணுக்களைப் பகிர்வதால் கூட்டமாகத்தான் வரும். பத்துச் சான்று கிடைத்தது என்று எண்ண வேண்டாம்.

பட்டியலை எக்செல்லில் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், மரபணுப் பெயர் உள்ள நெடுவரிசையை முதலில் உரை என்று மாற்றிவிட்டு. செப்ட்2, மார்ச்1 என்று மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதி சார்ந்த இதழ்களைச் சோதித்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-ல் மனித மரபணுப் பெயர்க் குழு பெயரையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. 2023-ல் எக்செல்லும் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்க வழி கொடுத்தது. பழைய கோப்புகளில் தேதிகள் இன்னும் இருக்கின்றன.

யூனிப்ராட், ஓமிம், கிளின்வார், கெக். இவற்றுக்கும் ஜிஓ-வுக்கும் என்ன வித்தியாசம்?

யூனிப்ராட் புரதங்களின் பெரும்பதிவேடு. ஜெனீவாவில் அமோஸ் பைரோக் 1986-ல் தொடங்கிய ஸ்விஸ்-ப்ராட் அதன் கையால் தொகுத்த பகுதி. அதில் ஏறத்தாழ 5,70,000 புரதங்கள். கணினி நிரப்பும் பகுதியின் பெயர் ட்ரெம்பிள். மனிதப் புரதம் ஒன்றைப் பற்றி முதலில் எங்கே போவது என்று என்னைக் கேட்டால் யூனிப்ராட் பக்கத்தைத்தான் காட்டுவேன். ஜிஓ குறிப்புகளும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். ஓமிம் மரபு நோய்களின் பதிவேடு. விக்டர் மெக்குசிக் 1966-ல் அச்சுப் புத்தகமாகத் தொடங்கியது. கிளின்வார் ஒவ்வொரு மரபணு மாற்றமும் நோய் தருமா தராதா என்று ஆய்வகங்கள் சொன்னதைச் சேர்க்கிறது. கியோட்டோவில் மினோரு கனேஹிசா தொடங்கிய கெக் வளர்சிதை மாற்றப் பாதைகளைப் படமாகக் காட்டுகிறது.

என் மருத்துவ அறிக்கையில் ஒரு மரபணு பெயர் இருக்கிறது. ஜிஓ-வில் தேடி நோயைத் தெரிந்துகொள்ளலாமா?

முடியாது. ஜிஓ நலமாக இருக்கும் மரபணுவின் வேலையை மட்டும் சொல்கிறது. 'புற்றுநோய் உண்டாக்குதல்' என்று ஒரு சொல்லே அதில் கிடையாது. எந்த மரபணுவின் இயல்பான வேலையும் அது இல்லை என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

எச்பிபி மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கடத்தல், ஹீமோகுளோபின் தொகுதி என்று ஜிஓ சொல்லும். அதே மரபணுவில் ஓர் அமினோ அமிலம், குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்று மாறினால் அரிவாள் செல் சோகை. இந்தியாவில் அரிவாள் செல் தன்மை முதலில் பதிவானது 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோயைப் பற்றி அறிய ஓமிம், குறிப்பிட்ட மாற்றத்தைப் பற்றி அறிய கிளின்வார். உங்கள் அறிக்கைக்கு என்ன பொருள் என்று அறிய மருத்துவரும் மரபியல் ஆலோசகரும். எந்தத் தரவுத்தளமும் உங்கள் குடும்ப வரலாற்றைக் கேட்டு அறியாது.

ஒரு மரபணுவுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி?

ஆய்வு வெளிச்சம் சமமாக விழுவதில்லை. டிபி53 என்ற மரபணு மனித மரபணுக்களிலேயே அதிகம் எழுதப்பட்டது. கட்டிகளைத் தடுக்கும் இந்த மரபணுவைப் பற்றி எழுத எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. பணமும் கருவியும் ஏற்கெனவே தெரிந்த மரபணுவை நோக்கியே போகும். தெரியாததைத் தொட ஓர் இளம் ஆய்வாளர் பயப்படுவார். மூன்று ஆண்டில் ஒன்றும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

ஷான் மன்ரோவும் மேத்யூ ஃப்ரீமனும் இந்த இருட்டை அளக்கவே 'அன்னோம்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கினார்கள், 2023-ல் வெளியானது. மனிதனிலும் பழ ஈயிலும் உள்ள, யாரும் கவனிக்காத 260 மரபணுக்களை எடுத்து ஈயில் ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அது இல்லாவிட்டால் ஈயே பிழைக்காத மரபணுக்கள். எழுதப்படாததால் முக்கியமில்லை என்று நினைத்திருந்தோம். ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களிடம் நான் காட்டும் முதல் இடம் இதுதான்.

இந்தச் சமமின்மை மேலே சொன்ன செறிவுக் கணக்கையும் சாய்க்கும். நிறையக் குறிப்பு உள்ள மரபணுக்கள் எந்தப் பட்டியலிலும் எதையாவது சொல்லும். உங்கள் பட்டியலின் உண்மையான நாயகன் குறிப்பே இல்லாத ஒரு மரபணுவாக இருக்கலாம்.

போன வருடம் வந்த முடிவு இந்த வருடம் வரவில்லை. ஏதாவது கெட்டுவிட்டதா?

இல்லை, அறிவு நகர்ந்திருக்கிறது. டிபி53 மரபணு உருவாக்கும் பி53 புரதத்தை 1979-ல் கண்டபோது அது புற்றுநோயை வளர்ப்பது என்றே பத்து ஆண்டு நம்பினார்கள். 1989 வாக்கில்தான் தடுப்பது என்று தெளிவானது. அன்று ஜிஓ இருந்திருந்தால் குறிப்பைத் தலைகீழாக மாற்றியிருப்பார்கள். சொற்கள் சேரும், பழையவை விலக்கப்படும், குறிப்புகள் திருத்தப்படும். அதனால் கட்டுரையில் 'ஜிஓ பயன்படுத்தினோம்' என்று மட்டும் எழுதினால் போதாது. வெளியீட்டுத் தேதியையும் கருவியின் பதிப்பையும் எழுதுங்கள். ஜெனோடோ களஞ்சியத்தில் பழைய வெளியீடுகள் இருப்பதால் தேதி தெரிந்தால் யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். இணையத்தில் நிறையக் கருவிகள் பல ஆண்டு பழைய ஜிஓ-வையே உள்ளே வைத்திருக்கின்றன. அதையும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி தொகுப்பாளர்கள் தேவையா?

ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்துத் தந்திருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் சாவியின் வடிவம் தெரிந்தால் அது எந்த வீட்டுக் கதவுக்கு என்று தெரிந்துவிடாது.

வேலையைக் கணிக்கும் நிரல்களுக்கு காஃபா என்று ஒரு போட்டி 2010 முதல் நடக்கிறது. அதன் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை தெரியாத புரதங்களைக் கொடுத்துக் கணிப்பை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் சில புரதங்களுக்கு ஆய்வகங்கள் விடை கண்டிருக்கும், தொகுப்பாளர்கள் அதை ஜிஓ-வில் பதிந்திருப்பார்கள். அதை வைத்துத்தான் மதிப்பெண். தொகுப்பாளர் இல்லையென்றால் விடைத்தாளே இல்லை. நிரல் கற்றுக்கொள்வதும் அவர்கள் எழுதியதிலிருந்துதான். கட்டுரைகளைத் தேடி எடுக்கவும் முதல் வரைவு எழுதவும் இயந்திரம் உதவட்டும். படத்தைப் பார்த்து 'இது போதுமான சான்றா?' என்று கேட்கும் வேலையை அதனிடம் விட நான் தயாராக இல்லை.

இதெல்லாம் இலவசமா? பணம் யார் கொடுக்கிறார்கள்?

ஜிஓ, யூனிப்ராட் இரண்டும் மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருக்கின்றன, வணிகத்துக்கும் சேர்த்து. கெக்கைப் பார்வையிடலாம், ஆனால் மொத்தத் தரவிறக்கத்துக்கு 2011 முதல் கட்டணம்.

இலவசம் என்பது நமக்கு. செலவு யாருக்கோ இருக்கத்தான் செய்கிறது. ஜிஓ-வுக்கு அமெரிக்க அரசின் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் பணம் தருகிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பணம் தருகிறவர்கள், கண்டுபிடித்ததைப் பேணப் பணம் தரத் தயங்குவார்கள் என்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. 1996-ல் ஸ்விஸ்-ப்ராட்டே பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. பைரோக் இணையத்தில் உதவி கேட்டார், உலகெங்கும் ஆய்வாளர்கள் குரல் கொடுத்த பிறகே மீண்டது. அராபிடாப்சிஸ் தாவரத்தின் டேர் தரவுத்தளம் 2013-ல் அரசு நிதி நின்று சந்தா முறைக்குப் போனது. 2025-ல் ஹார்வர்டுக்கான அமெரிக்க ஆய்வு நிதி நிறுத்தப்பட்டபோது, ஜிஓ-வைத் தொடங்கிய மூன்றில் ஒன்றும் ஹார்வர்டு வழியே நிதி பெற்றதுமான ஃப்ளைபேஸ் நன்கொடை கேட்கும் நிலைக்கு வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த சோதனைகளின் முடிவைப் படித்து வைக்க ஆள் இல்லாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

தவறு கண்டால் யாரிடம் சொல்வது? நான் உதவ முடியுமா?

முடியும், அது கடினமும் இல்லை. ஜிஓ-வின் வேலை முழுக்க கிட்ஹப் என்ற இணையதளத்தில் வெளிப்படையாக நடக்கிறது. ஒரு கணக்கு தொடங்கி, மரபணு, ஜிஓ எண், எது தவறு, எந்தக் கட்டுரை அதைக் காட்டுகிறது என்று நான்கு வரி எழுதினால் போதும். தொகுப்பாளர்கள் படித்துப் பதில் எழுதுவார்கள். சொல் இல்லாத ஒரு நிகழ்வுக்குப் புதிய சொல்லும் கேட்கலாம்.

பால் நர்ஸ் ஆராய்ந்த அந்த ஈஸ்ட்டுக்கான பாம்பேஸ் தரவுத்தளம் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. கான்டோ என்ற கருவியில் கட்டுரை ஆசிரியர்களே தங்கள் முடிவுகளைப் பதிவு செய்கிறார்கள், தொகுப்பாளர் சரிபார்க்கிறார்.

நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி உங்கள் அடுத்த கட்டுரையிலேயே இருக்கிறது. எந்த உயிரினத்தின் மரபணு என்று எழுதுங்கள். அங்கீகரித்த பெயரையும் யூனிப்ராட் எண்ணையும் முதல் முறை வரும்போதே சேருங்கள். மரபணுப் பட்டியலைப் படமாகவோ பிடிஎஃப்பாகவோ ஒட்டாமல் சாதாரண உரைக் கோப்பாகக் கொடுங்கள். அனுப்பும் முன் தேதிகள் ஏதும் புகுந்திருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள்.